துடைப்பப் பொத்தான்

நான் பல் வைத்தியன். என் மனைவியும் என் தங்கையும் கணினிக்காரர்கள், ஒரே அலுவலகம். தங்கை நிரல் எழுதுவாள். மனைவி அதில் தப்புக் கண்டுபிடிப்பாள். நாத்தனாரின் தப்பைக் கண்டுபிடிக்க அண்ணிக்குச் சம்பளம் கொடுக்கும் அலுவலகம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். மற்ற வீடுகளில் இந்த வேலையை இலவசமாகவே செய்கிறார்கள்.

தங்கைக்கு வீட்டில் குண்டூசி என்று பெயர். சின்ன வயதில் ஈர்க்குச்சி மாதிரி இருந்ததால் நான் வைத்தது. இப்போது ஒல்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குத்துவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை என்பதால் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். தனியாக என்பது ஒரு பேச்சுக்குத்தான். சாப்பாட்டு நேரம் வந்தால் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தது பல் மருத்துவர்களுக்கான ஒரு இணையப் பக்கம். பல்லின் எக்ஸ்ரே படங்களைப் பிரவுசரிலேயே திறந்து, பெரிதாக்கி, அருகருகே வைத்துப் பார்க்கலாம். தனியாக எதையும் கணினியில் ஏற்ற வேண்டியதில்லை. விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் யாராவது ஒரு வைத்தியர் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி என்னை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

பக்கம் காலையில் பறந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தள்ளாடியது. சாயங்காலம் நெருங்கும்போது ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால், திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நான் கையில் கருவியோடு நிற்பேன். நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருப்பார்.

"டாக்டர், வாயை மூடிக்கலாமான்னு கேக்குறாரு" என்றார் பஞ்சு அக்கா. என் உதவியாளர். பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுப்பதால் நோயாளிகளே வைத்த பெயர் அது.

"வாயைத் திறந்துக்கிட்டே எப்படிக் கேட்டார்?"

"கண்ணால கேக்குறாரு."

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் விஷயத்தை எடுத்தேன். "உங்க பக்கம் சாயங்காலம் ஆனா படுத்துக்குது. யார் பொறுப்பு?"

"லீக்" என்றாள் மனைவி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"லீக்கெல்லாம் இல்ல" என்றாள் குண்டூசி, அவளும் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கேயிருந்து ஒழுகுது?" என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரங்களில் மட்டும் அவர்கள் பார்வை ஒன்றாகிவிடும்.

குண்டூசிதான் விளக்கினாள். "அண்ணா, நீ ஒரு படத்தைத் திறந்தா அது மெமரியில வந்து உக்காரும். மூடினா உடனே போயிடாது. அதை வேற யாரும் பிடிச்சுக்கிட்டு இல்லன்னா அது குப்பை. அந்தக் குப்பையை அள்ளுறதுக்கு பிரவுசருக்குள்ளயே ஒரு வேலை ஓடிக்கிட்டு இருக்கு. அது தனக்குத் தோணும்போது வந்து அள்ளிட்டுப் போகும். நாம சொன்னா வராது. உன் கம்ப்யூட்டர்ல அது லேட்டா வருது, அவ்வளவுதான்."

"வந்தாலும் யாராவது பிடிச்சுக்கிட்டு இருந்தா தொடாது" என்றாள் மனைவி. "அதைத்தான் நான் லீக்ங்கறேன். நீ எழுதின கோடு எதையோ பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

"என் கோடு எதையும் பிடிச்சு வெச்சுக்காது அண்ணி. அதுவும் என்னை மாதிரிதான்."

"உன்னை மாதிரியா? போன மழைக்கு வாங்கிட்டுப் போன என் குடை எங்க?"

குண்டூசி தண்ணீர் குடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் என் கிளினிக்குக்கு வந்தாள். செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது என் கிளினிக். நோயாளி இல்லாத நேரம் பார்த்து என் நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையில் எதையோ அழுத்தினாள். திரையின் வலது பக்கத்தில் இதுவரை நான் பார்த்தே இராத ஒரு பலகை திறந்தது. எண்களும் கோடுகளுமாக இருந்தது.

"நாம சொன்னா வராதுன்னு சொன்னேன்ல? சோதனை பண்றவங்களுக்கு மட்டும் ஒரு வழி இருக்கு. இந்தப் பொத்தானைப் பாரு."

சின்னதாக ஒரு துடைப்பப் படம் போட்ட பொத்தான். அதை அவள் அழுத்தினாள். மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மேலே காட்டிய எண் சரிந்து கீழே வந்தது.

"பாத்தியா? கூப்பிட்டதும் வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு. லீக்னா இப்படிக் குறையுமா? போய் அண்ணிகிட்ட சொல்லு."

எண் முழுவதுமாக இறங்கவில்லை என்பதை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவள் குறைந்ததைப் பார்த்தாள். நான் துடைப்பத்தைப் பார்த்தேன்.

"இது டெமோவுக்கு. நீ இதைத் தொடக் கூடாது, சரியா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். பலகையை மூடாமலே போய்விட்டாள்.

தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனால் தொடாமல் இருக்கிற பரம்பரை இல்லை எங்களுடையது. திங்கட்கிழமை முதல் நோயாளி வந்ததும் ஒரு தடவை அழுத்தினேன். எண் இறங்கியது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. அடுத்த நோயாளிக்கும் அழுத்தினேன். இரண்டு நாளில் கையுறை மாட்டுவது, விளக்கைத் திருப்புவது, துடைப்பத்தை அழுத்துவது என்று அது என் வேலை வரிசையில் சேர்ந்துவிட்டது.

"என்ன டாக்டர் பண்றீங்க?" என்று கேட்டார் ஒரு வக்கீல், நாற்காலியில் சாய்ந்தபடி.

"சுத்தம் பண்றேன்."

"யாருடையதை?"

"உங்களுக்கு முன்னாடி வந்தவருடையதை."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தான் பண்றீங்களா?" அவருக்குப் புரிய வைத்து மறுபடி சாய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு பக்கம் முன்னைவிடச் சீக்கிரமாகப் படுத்தது. சாயங்காலம் சுற்றிய வட்டம் இப்போது மதியத்துக்கு முன்பே சுற்ற ஆரம்பித்தது. நான் கவலைப்படவில்லை. மருந்து கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவது எங்கள் தொழிலில் உள்ளதுதானே. நோயாளிக்கு ஒரு தடவை என்றிருந்ததைப் பல்லுக்கு ஒரு தடவை ஆக்கினேன்.

இதற்கிடையில் அலுவலகத்தில் நடந்ததை நான் இரண்டு கதைகளாகக் கேட்டேன். முதல் கதை மனைவியுடையது. சாப்பாட்டு மேசையில், மிக மெதுவாக, ருசித்துச் சொன்னாள்.

"நான் பொத்தானையெல்லாம் நம்பலை. பிரவுசரை ஆரம்பிக்கும்போதே ஒரு தனி அனுமதி குடுத்து ஆரம்பிச்சா, டெஸ்ட் கோடே 'இப்ப வந்து அள்ளு'ன்னு ஆர்டர் போடலாம். அப்படி ஒரு டெஸ்ட் எழுதினேன். ஒரு படத்தைத் திற, மூடு, அள்ளச் சொல்லு. அப்புறம் அந்தப் படம் இன்னும் இருக்கா போயிடுச்சான்னு கேளு. கேக்குறதுக்கும் ஒரு வழி இருக்கு, பிடிச்சுக்காம தூர நின்னு கேக்குற மாதிரி."

"என்ன சொல்லுச்சு?" என்றேன்.

"இருக்குன்னு சொல்லுச்சு. கல்லு மாதிரி உக்காந்திருக்கு. தானா வர்றதுக்குள்ள நாம பாத்துட்டோம்னு சொல்ல முடியாது. கூப்பிட்டு அள்ளச் சொல்லியும் போகலைன்னா?" குண்டூசி பக்கம் திரும்பினாள். "யாரோ பிடிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

குண்டூசி பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே போய்விட்டாள். என் தங்கை பாதிச் சாப்பாட்டில் எழுந்ததை அவளுக்கு அம்மை போட்டிருந்தபோதுதான் கடைசியாகப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிடத் துள்ளலாகக் கேட்டது. இரண்டாவது கதை அதோடு இறங்கி வந்தது.

"அண்ணி, பிடிச்சிருக்கிறது யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"யாரு?"

"நீங்கதான்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

நடந்தது இதுதான். மனைவி தன் சோதனையில், படம் சரியாகத் திறந்ததா என்று கண்ணால் பார்ப்பதற்காக அதைப் பலகையில் இருக்கும் கன்சோல் என்கிற இடத்தில் காட்டச் சொல்லியிருந்தாள். அந்த இடத்துக்கு ஒரு குணம் உண்டாம். காட்டச் சொன்னதை அது காட்டிவிட்டுக் கைவிடாது. நாம் பிறகு விரித்துப் பார்க்க வேண்டுமே என்று கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். அள்ள வந்த வேலை, யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"படம் போச்சான்னு பாக்கறதுக்கு, படத்தைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே பாத்திருக்கீங்க. அந்த ஒரு வரியை எடுத்தேன். அள்ளச் சொன்னேன். போயே போச்சு. பச்சை விளக்கு. லீக்கும் இல்ல, கீக்கும் இல்ல!"

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. மனைவி சாவியைத் தேடினால் குண்டூசி "கையில இருக்கான்னு பாருங்க அண்ணி" என்பாள். பேருந்து தாமதம் என்று மனைவி சொன்னால் "நீங்க எங்கயாவது பிடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்பாள். அலுவலகத்திலும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். கன்சோலில் எதையாவது காட்ட வேண்டியிருந்தால் ஆட்கள் என் மனைவியின் மேசைப் பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டுக் காட்டினார்களாம்.

மனைவி ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "சரி, லீக் இல்லன்னே வெச்சுக்குவோம். அப்ப உங்க கிளினிக்ல ஏன் படுத்துக்குது?"

"துடைப்பம் பத்தலை போல இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். குண்டூசி தொடக் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

என் மனைவிக்குக் கீழ்வரிசையில் இடது கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. பல மாதமாக நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவள் நழுவிக்கொண்டிருந்தாள். பல் வைத்தியன் பெண்டாட்டி சொத்தைப் பல்லோடு திரிகிறாள் என்று குண்டூசி வேறு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மதியம் அலுவலகத்திலிருந்து நேராக வந்து, "வலிக்குது, பாருங்க" என்று நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். பல் நிஜமாகவே வலித்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். இருக்கலாம். ஆனால் வலிக்கிறவர்கள் விளக்கைப் பார்ப்பார்கள், இல்லை கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் முதலில் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

நாலைந்து எக்ஸ்ரே படம் எடுத்துவிட்டு ஊசி போட்டேன். மரத்துப்போகும்வரை காத்திருந்துவிட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை வாயில் மாட்டினேன். பஞ்சு அக்கா பஞ்சு வைத்தார். வட்டம் சுற்றிச் சுற்றி ஒரு வழியாக அவளுடைய படம் திறந்ததும், பூதக்கண்ணாடியை இழுத்து விட்டேன். அந்த இணையப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி அது. திரையில் ஒரு வளையம் வரும், மவுசை எங்கே நகர்த்தினாலும் அந்த இடம் பெரிதாகத் தெரியும். சொத்தை எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன். அடுத்த படத்துக்குத் தாவினேன், அங்கேயும் வளையம் வந்தது. அடுத்தது. அடுத்தது. வழக்கம்போல் கடைசியில் துடைப்பத்தை ஒரு அழுத்து அழுத்தினேன்.

"ஆஆ!" என்றாள் மனைவி.

நான் இன்னும் பல்லைத் தொடவே இல்லை. "வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். துளைக் கருவியை எடுத்தேன்.

"ஆ! ஆஆ! ஆ!"

"இன்னொரு ஊசி போடவா?"

தலை இன்னும் வேகமாக ஆடியது. கையை நீட்டித் திரையைக் காட்டினாள்.

"டாக்டர், அவங்களுக்குப் படம் பாக்கணுமாம்" என்றார் பஞ்சு அக்கா.

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, திரையை அவள் பக்கம் திருப்பி நிதானமாக விளக்கினேன். "இதுதான் உன் பல்லு. இந்தக் கறுப்பா இருக்கு பாரு, அதுதான் சொத்தை. நரம்பு வரைக்கும் போகலை. பயப்படாதே." வளையத்தை நகர்த்திக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு வந்தது. அது வலியில் வந்தது இல்லை என்று பிறகு சொன்னாள்.

அடைத்து முடித்துக் குழாயை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்தாள். கீழுதடு மரத்துப்போயிருந்தது. உதடு ஒட்டினால்தானே ப வரும், ம வரும்?

"ஊதக்கண்ணாடியை ஏன் ஊடலை?" என்றாள்.

"எதை ஊதணும்?"

"ஊதக்கண்ணாடி! ஊடலை!"

பல்லில் ஏதோ தூசி உறுத்துகிறது என்று எண்ணி, காற்றுக் குழாயை எடுத்து மெல்ல ஊதிவிட்டேன். என் கையிலேயே ஒரு அடி விழுந்தது. மருந்துச் சீட்டுக் கட்டை இழுத்து, பேனாவால் கிழிகிற மாதிரி எழுதிக் காட்டினாள்: 'பூதக்கண்ணாடியை மூடாமல் அடுத்த படத்துக்குப் போகிறீர்கள். எப்போதும் இப்படித்தானா?'

"எப்பவும் இப்படித்தான். ஒவ்வொரு படத்துக்கும் மூடி மூடித் திறந்துக்கிட்டு இருந்தா நான் எப்ப பல்லைப் பாக்கறது?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பாதி முகம்தான் மலர்ந்தது, மறுபாதி மரத்துப்போயிருந்தது. பிறகு வலது பக்கப் பலகையைக் காட்டி, புருவத்தை மட்டும் உயர்த்தினாள். நான் துடைப்பத்தைப் பற்றி முழுவதையும் சொன்னேன். பல்லுக்கு ஒரு தடவை என்பது வரைக்கும் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் ஒருவர் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடியும் என்பது என் இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரியாது.

காரணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. எனக்குக் கொடுத்தது சோதனைக்கான பக்கம் என்பதால், திறக்கிற ஒவ்வொரு படத்தையும் கன்சோலில் காட்டும்படி குண்டூசியே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். பலகை மூடியிருந்தவரை அதனால் தொந்தரவு இல்லை. அவள் திறந்து வைத்துவிட்டுப் போனாளே, அன்றிலிருந்து நான் பார்த்த ஒவ்வொரு பல்லையும் அது பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தை அழுத்தி அழுத்தி, அள்ளவே முடியாதவற்றை அள்ளச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைச் சொல்லி அண்ணியை ஒரு வாரம் ஓட்டினாளோ, அதே தப்பை நாத்தனார் என் கிளினிக்கில் செய்துவிட்டுப் போயிருந்தாள்.

ஆனால் அது மதியத்துக்கு முன்பே படுத்ததற்கான காரணம்தான். முதலிலிருந்தே சாயங்காலம் படுத்துக்கொண்டிருந்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். மனைவி உதடு மரத்தபடியே அலுவலகத்துக்குத் திரும்பிப் போனாள்.

அங்கே நடந்ததைக் குண்டூசி வாயால் சொன்னால்தான் சுவை. "அண்ணி வந்து உக்காந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை. விறுவிறுன்னு டைப் பண்ணாங்க. நான் 'என்ன அண்ணி, வாயில ஏதாவது பிடிச்சு வெச்சிருக்கீங்களா'ன்னு கேட்டேன். அதுக்கும் டைப் பண்றதை நிறுத்தலை. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

மனைவி எழுதியது புதுச் சோதனை. நல்ல பிள்ளை மாதிரி திறந்து, பார்த்து, மூடுகிற சோதனை இல்லை. என்னை மாதிரி நடந்துகொள்கிற சோதனை. படத்தைத் திற. பூதக்கண்ணாடியைப் போடு. மூடாதே. அடுத்த படத்துக்குப் போ. அங்கேயும் போடு, அங்கேயும் மூடாதே. இப்படியே நிறையப் படங்கள். எல்லாம் முடிந்தபின் குப்பையை அள்ள ஆணையிடு. பிறகு ஒவ்வொரு படமாக, இருக்கிறாயா போய்விட்டாயா என்று கேள்.

எல்லாமே இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை.

மனைவி விரலால் 'வா' என்று கூப்பிட்டாள். குண்டூசி வந்து பார்த்தாள். முதலில் கன்சோலில் ஏதாவது காட்டியிருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பலகை திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். மூடியிருந்தது. சோதனையே எதையாவது பிடித்திருக்கிறதா என்று வரி வரியாகப் படித்தாள். இல்லை. மறுபடி ஓட்டினாள். தன் கணினிக்குக் கொண்டுபோய் ஓட்டினாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடிக்காக எழுதிய கோப்பைத் திறந்தாள்.

வளையம் மவுசோடு சேர்ந்து நகர வேண்டும் என்பதால், மவுஸ் அசைந்தால் எனக்குச் சொல்லு என்று அது பக்கத்திடம் கேட்டு வைத்திருந்தது. பெருக்கல் குறி போட்ட பொத்தானை அழுத்தி மூடினால், இனிமேல் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகும். மூடாமல் அடுத்த படத்துக்குப் போனால்? புதிதாக ஒரு வளையம் வரும். பழையது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மூலையில் தன் படத்தைக் கட்டிக்கொண்டு, மவுஸ் அசைகிறதா என்று கேட்டபடியே உட்கார்ந்திருக்கும். நாள் முழுக்க நான் பார்த்த வாய்களெல்லாம் அப்படி அங்கே உட்கார்ந்திருந்தன. நான் மவுசை ஒரு தடவை அசைத்தால் அத்தனையும் சேர்ந்து எழுந்து வேலை செய்தன. அப்புறம் வட்டம் சுற்றாமல் என்ன செய்யும்?

அந்தப் பூதக்கண்ணாடி முதல் திட்டத்திலேயே கிடையாது. கண் வலிக்கிறது, பெரிதாகக் காட்ட ஏதாவது செய்து கொடு என்று நான் நச்சரித்ததால், அண்ணனுக்காக என்று ஒரே மூச்சில் அவள் எழுதிக் கொடுத்தது. அவருக்குத்தானே என்று அன்றைக்கே அதைச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டவள் என் மனைவி.

அன்றைக்குக் குண்டூசி சாப்பிட வரும்போது படியில் செருப்புச் சத்தமே கேட்கவில்லை. வெறுங்காலோடு இறங்கி வந்து, சத்தமில்லாமல் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். மனைவிக்கு உதடு சரியாகியிருந்தது. வசமாகச் சிக்கினாள் தங்கை, இப்போது கிண்டல் ஆரம்பிக்கும் என்று நான் காத்திருந்தேன். மனைவி பரிமாறினாள், அவ்வளவுதான்.

குண்டூசியே வாயைத் திறந்தாள். "உங்களை ரொம்ப ஓட்டிட்டேன் அண்ணி. ஆபீஸ்ல வேற எல்லார்கிட்டயும் சொல்லி..."

"ஓட்டினதும் நல்லதுக்குத்தான்" என்றாள் மனைவி. "நீ அவ்வளவு ஓட்டலைன்னா நான் அந்த நாற்காலியில ஏறியே இருக்க மாட்டேன். பல்லு போயிருக்கும்." பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "பூதக்கண்ணாடியைப் பாஸ் போட்டதும் நான்தானே. திறந்தேன், பாத்தேன், அழகா மூடினேன். இவர் எப்படி மூடுவார்னு யோசிக்கவே இல்லை."

"மூடவே மாட்டார்" என்றாள் குண்டூசி.

"டூத்பேஸ்டை மூடியிருக்காரா?"

"ஃப்ரிட்ஜைச் சரியா மூடியிருக்காரா?"

"தண்ணி பாட்டிலை?"

"ஏய், எழுதினது நீ, பாஸ் போட்டது நீ!" என்று நான் இருவரையும் மாறி மாறிக் காட்டினேன். யாரும் காதில் வாங்கவில்லை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டால் நடுவில் இருக்கிறவனுக்கு எதிர்க்கட்சி வரிசையில்கூட இடம் கிடையாது. ஒரு வாரம் எந்த நாற்காலியில் யார் உட்காருவது என்றுகூட முறைத்துக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்கு ஒரே கிண்ணத்தில் பழம் எடுத்துச் சாப்பிட்டார்கள். கிண்ணம் என் பக்கம் வரவில்லை.

சரிசெய்ய ஒரு வரிதான் தேவைப்பட்டது. அடுத்த படம் வரும்போது பழைய வளையம் தானாகவே கலைந்துவிட வேண்டும். மனைவி மறுபடி அந்தச் சோதனையை ஓட்டினாள், அள்ள ஆணையிட்டாள், ஒவ்வொன்றாகக் கேட்டாள். அத்தனை படமும் போயிருந்தது. புதுப் பக்கம் என் கிளினிக்குக்கு வந்த அன்று, குண்டூசி நேரில் வந்து பலகையை மூடி, இந்தத் தடவை அது திறக்கவே முடியாதபடி ஏதோ செய்துவிட்டுப் போனாள். சாயங்காலம் கடைசி நோயாளிக்கும் படம் சட்டென்று வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வந்துவிட்டது. எனக்குத்தான் கை சும்மா இருக்கிற மாதிரி இருந்தது.

வேலை முடிந்ததும் குண்டூசி தன் குறிப்பில், இந்தத் தப்பைக் கண்டுபிடித்தது அண்ணி என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். வீட்டு ஞாபகம். கூட்டத்தில் மேனேஜர் அதை உரக்கப் படித்துவிட்டார். "அண்ணி கண்டுபிடித்தது." அன்றிலிருந்து அலுவலகம் முழுக்க என் மனைவிக்கு அதுதான் பெயர்.

"மேனேஜரே லிஃப்டுல பாத்தா 'குட் மார்னிங் அண்ணி'ங்கறார்" என்று வந்து பொருமினாள். "எங்கப்பா வயசு இருக்கும் அவருக்கு!"

"மரியாதையாத்தானே கூப்பிடறார்" என்றேன்.

"உங்களுக்கும் அங்க பேரு இருக்கு, தெரியுமா? அந்த டெஸ்டுக்குப் பேரே 'அண்ணன்'. உங்க தங்கை வெச்சது. தினமும் யார் எதை மாத்தினாலும் அது தானா ஓடும். பச்சை விழுந்தா 'அண்ணன் ஓகே'ம்பாங்க."

எனக்கு உள்ளூர ஒரு பெருமை. நான் பாட்டுக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருக்க, என் பெயரில் ஒன்று எங்கேயோ தினமும் ஓடித் தேறிக்கொண்டிருக்கிறது என்றால் சும்மாவா?

போன வியாழக்கிழமை ஒருவருக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருந்தேன். பல் நல்ல பிடிவாதம். இரண்டு கையும் அவர் வாய்க்குள் இருந்தபோது தொலைபேசி அடித்தது. பஞ்சு அக்கா எடுத்தார். அந்தப் பக்கம் குண்டூசியின் குரல் இங்கே வரைக்கும் கேட்டது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த யாரோ எதையோ மாற்றிவிட்டார்கள் போல. வளையம் பழையபடி படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் வழக்கத்தைப் பற்றி ஏதோ கேட்க வேண்டுமாம், அவசரமாம்.

பஞ்சு அக்கா ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், ஆபீஸ்லேருந்து உங்க தங்கச்சி பேசுறாங்க. அண்ணன் ஃபெயில் ஆயிட்டாராம்."

நாற்காலியில் இருந்தவர் என் இரண்டு கையையும் பிடித்து வெளியே எடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.